நோன்புச் செம்மலின் கண்ணாடி அலமாரி

அத்தியாயம் ஆறு

“என் மருமகள் எனக்கு விஷம் வைக்கிறாள். இன்று மாலை ஐந்து மணிக்குள் அதை நிரூபித்துத் தர வேண்டும்” என்றார் டாக்டர் யேசுதாசன், பந்தல்காரனிடம் நேரம் சொல்வதுபோல.

எட்சன் பதிலுக்குத் தும்மினார்.

மூன்று நாளாக ஜலதோஷம். மூக்கு என்ற உறுப்பு மூக்குக்கண்ணாடியைத் தாங்குவதற்கு மட்டும் பயன்பட்டுக்கொண்டிருந்தது. வெளியே ஆகஸ்ட் மாத மழை குழித்துறை ஆற்றைக் கலக்கிவிட்டு, இந்த வீட்டின் மாடிச் சுவரில் பாசி வரைந்துகொண்டிருந்தது. அவர் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு, இருபத்தாறு வருடம் உணவுப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கி, துப்பறியும் நிலையம் திறந்த ஒருவருக்கு உரிய கம்பீரத்துடன் நிமிர்ந்தார்.

“ஐந்து மணிக்கு என்ன?”

“சப்-இன்ஸ்பெக்டர் வருகிறார். என் பழைய மாணவர். மஸ்கட்டிலிருந்து என் மகன் ஜிபின் வீடியோவில் வருவான். அவர்கள் முன்னிலையில் புகாரில் கையெழுத்திடுவேன். ரெஜிஷா இந்த வீட்டை விட்டுப் போவாள். பேத்தி இங்கேயே இருப்பாள்.”

“அப்பம் தீர்ப்பெல்லாம் எழுதியாச்சு. குற்றம் மட்டும் நாங்க கண்டுபிடிச்சுத் தரணும், இல்லியா சாரே?” என்றாள் ஜாஸ்பின்.

ஜாஸ்பின், எட்சனின் உதவியாளர். பத்து வருடம் ஒரு லேபில் ரத்தம் எடுத்தவள். அந்த வேலையை விட்டபின் ஊசிக்குப் பதிலாக வாயைப் பயன்படுத்தினாள். இரண்டிலும் குறி தவறியதில்லை.

யேசுதாசன் அவளைப் பார்க்காமல் ஒரு தாளை நீட்டினார். ரத்தப் பரிசோதனை முடிவு. அவரைப்போன்ற சிறுநீரக நோயாளிகளை வைத்து ஒரு மருத்துவமனை நடத்தும் ஆய்வில் எடுத்தது. ‘ஓக்ராடாக்சின்’ என்று ஒரு பெயர், பக்கத்தில் ஓர் எண், எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பில் மேல்நோக்கி ஓர் அம்பு.

“டாக்சின் என்றால் நஞ்சு. நான் அகராதி பார்த்துவிட்டேன்.”

அவர் பார்த்திருப்பார். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். ‘டாக்டர்’ அதற்குப் பிறகு வந்தது. வகுப்பறை எதுவும் இல்லாமல், பட்டமளிப்பு விழா மட்டும் நட்சத்திர ஓட்டலில் நடத்தும் ஒரு பல்கலைக்கழகம் அவரைத் தேடி வந்து கொடுத்தது. அதற்கு முன்பே அவர் கல்விச் செம்மல், சமூக ஜோதி. எல்லாவற்றுக்கும் மேலாக நோன்புச் செம்மல். காலை பத்து மணிவரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் நாற்பது வருடமாக உபவாசம் இருப்பவர் என்று மாவட்டத்தில் அவர் பேசாத பள்ளி ஆண்டுவிழா இல்லை. கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளில் பலர் வெயிலில் மயங்கி விழுந்திருக்கிறார்கள். அதையும் அவர் பேச்சின் பலனாகவே எடுத்துக்கொண்டார்.

“உங்க சாப்பாடு ஆரு வைப்பா?” என்றார் எட்சன்.

“அவள்தான். எனக்கு மட்டும் தனி வெள்ளித் தட்டு. நான் தனியாக, முதலில் உண்பேன். பிறகுதான் மற்றவர்கள். அந்தத் தட்டில்தான் கலக்கிறாள்.”

ஜாஸ்பினின் கண் இதற்குள் எதிர்ச் சுவருக்குப் போய்விட்டது. சுவர் என்று சொல்வது மரியாதைக்கு. முழுவதும் கண்ணாடி அலமாரி. முன்பெல்லாம் விழாக்களில் ஒரு பொன்னாடையும் எலுமிச்சம்பழமும் கொடுப்பார்கள். கல்ஃப் பணம் ஊருக்குள் வந்தபின் எலுமிச்சம்பழம் மரியாதைக் குறைவாகி, ஆறு குழி வைத்த உலர்பழப் பெட்டி வந்தது. பிஸ்தா, பாதாம், அத்தி, திராட்சை, அவற்றின் மேல் மினுங்கும் தாள். அந்தப் பெட்டிகள் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் தலைமையாசிரியரின் மணி மணியான கையெழுத்தில் தேதி போட்டு ஒரு சீட்டு: ‘12.03.2023. இலக்கியச் சோலை, பதினோராம் ஆண்டு விழா.’ கண்ணாடியின் உட்பக்கம் வியர்த்திருந்தது. சாவி, யேசுதாசனின் அரைஞாண் கயிற்றில்.

“மேல ரெண்டு தட்டில சீட்டு மட்டும் இருக்கு, பெட்டியைக் காணல்லியே சாரே?”

“ஆதரவற்ற இல்லங்களுக்கு அளித்துவிட்டேன். கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது என் வழக்கமல்ல.”

ஜாஸ்பின் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். யேசுதாசன் தையல் மிஷின் கொடுக்கும் படம், குடை கொடுக்கும் படம், நோட்டுப் புத்தகம் கொடுக்கும் படம் என்று நாற்பத்தொரு படங்கள் இருந்தன. பெட்டி கொடுக்கும் படம் ஒன்றும் இல்லை.

யேசுதாசன் எழுந்தார். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லாதவர். அலமாரியைத் திறந்து, மூன்றாம் தட்டின் நடுவிலிருந்து ஒரு பெட்டியை உருவி, சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, எட்சனின் கையில் வைத்தார். பெட்டி இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு செவ்வகம் தெரிந்தது.

“வெற்றியோடு வாருங்கள்.”

எட்சனுக்கு உள்ளுக்குள் இனித்தது. இருபத்தாறு வருட சர்வீசில் யாரும் அவருக்கு ஒரு பெட்டி கொடுத்துக் கௌரவித்ததில்லை. கொடுக்க வந்தவர்கள் எல்லாம் வேறு காரணத்துக்காக வந்தவர்கள்.

*

அடுக்களைக்குள் புகை. அடுப்பில் நெத்தோலிக் கருவாடு கரிந்துகொண்டிருந்தது. அதைப் புரட்டவேண்டிய ரெஜிஷா சுவரோடு சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயசு. அவளுடைய மாமியார் குளோரி ஓடிப்போய் கேஸை அணைத்தாள்.

ஜாஸ்பின் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள். “சாரே, உங்களுக்கு ஒண்ணும் தெரியல்லியா?”

“எனக்கு மூக்கு அடைச்சிருக்குல்லா” என்றபடி எட்சன் அரிசிப் பானையைத் திறந்தார்.

யேசுதாசன் வாசலில் வந்து நின்றார். அந்தப் புகைக்கு நடுவே, சுளிக்காத முகத்தோடு, வீட்டுத் தூய்மை பற்றி இரண்டு நிமிடம் பேசினார். இருமல் வந்தபோது மட்டும் நிறுத்தினார். பிறகு போய்விட்டார். ஜாஸ்பின் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்சன் வேலையில் இறங்கினார். நல்லமிளகைக் கையில் அள்ளிப் பார்த்தார். மிளகாய்வற்றலை ஒடித்தார். வெட்டிக் காயவைத்த மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கை வெளிச்சத்தில் பிடித்தார். எல்லாம் நறுக்கென்று காய்ந்து, டப்பாவில் இறுக மூடி இருந்தன.

“தேங்கா லேசா நிறம் மாறினாக்கூட இவ தூரக் கொண்டு போட்டுருவா சாரே” என்றாள் குளோரி. “அதுக்கும் அவரு ஏசுவாரு.”

“இந்த அடுக்களையில ஒரு கேஸ் எழுதணும்ணா, நான்தான் எதையாவது கொண்டுவந்து போடணும்” என்றார் எட்சன்.

ரெஜிஷா அப்போதுதான் வாய் திறந்தாள். “சாரே, மாமாக்கு வெள்ளித் தட்டில மொதல்ல வைப்பேன். அதே சட்டியில மிச்சம் இருக்கியதத்தான் மாமியும் நானும் எனக்க மோளும் தின்னுகோம். நான் விஷம் வச்சா எனக்க பிள்ளைக்கும் சேத்தா வைப்பேன்?”

“அதை அவருகிட்ட சொல்லல்லியா?”

“சொன்னேன். குற்றவாளிக்க தந்திரம்ணு சொன்னாரு. மோளு நாலரைக்கு ஸ்கூல் விட்டு வரும். அஞ்சு மணிக்கு என்னைப் போலீஸ் கூட்டிட்டுப் போனா, அது ஆருகிட்ட போயி நிக்கும் சாரே?”

எட்சன் மிளகு டப்பாவைத் தேவைக்கு அதிகமாக இறுக்கி மூடினார்.

“உங்க வீட்டுக்காரரு வேற என்னெல்லாம் தின்னுவாரு மாமி? தனியா?” என்றாள் ஜாஸ்பின்.

“தனியாவா? மத்தியானம், ராத்திரி, ரெண்டு நேரந்தான். காலைல பத்து மணிவரைக்கும் நோன்பு. விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஜெப அறையில கதவைப் பூட்டுவாரு.” குளோரி குரலைத் தாழ்த்தினாள். “கொரோனா வந்து பிழைச்ச பின்ன, ஜெபத்தில ஆவி எறங்கி அவருக்கு ஆருக்கும் வெளங்காத அந்நிய பாஷை வருகு.”

“அப்படியா?”

“கொர்ர்ர்ருண்ணு ஒரு நிமிஷம் வரும். நிக்கும். பின்னயும் கொர்ர்ர். நம்ம பாஸ்டருக்குக்கூட இவ்வளவு வேகத்தில வராது. நான் வெளிய முழங்கால் போட்டு ஆமென் சொல்லுவேன்.”

“அர்த்தம் வெளங்குமா?”

“அது கர்த்தருக்கு மட்டுந்தான் வெளங்கும் மோளே.”

*

நெய்யூருக்குப் போகும் சாலையில் இருந்தது அந்தத் தனியார் மருத்துவமனை. காரை எட்சன் ஓட்டினார். பெட்டி மடியில் இருந்தது. அத்திப்பழங்களின் மேல் வெள்ளையாகச் சீனி தூவியிருந்தது. வளைவுக்கு ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டார்.

“மழையில நனைஞ்ச செருப்பைக் கட்டிலுக்கு அடியில மறந்துட்டுப் போன மாதிரி மணக்குது” என்றாள் ஜாஸ்பின். “எனக்கு வேண்டாம்.”

“வெளிநாட்டுச் சாமான். அதுக்க மணம் அப்படித்தான் இருக்கும். நமக்குப் பழக்கம் இல்ல.”

“நீங்க பழகுங்க.”

டாக்டர் அஃப்னா தேங்காப்பட்டணத்துக்காரர். சிறுநீரகச் சிகிச்சையில் பட்டம் பெற்றவர். அந்தப் பட்டத்துக்காகக் கண்விழித்த வருடங்கள் கண்ணுக்குக் கீழே கருப்பாகத் தெரிந்தன. யேசுதாசன் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, கோப்பைத் திறந்தார்.

“விஷம்தான். ஆனா யாரும் வைக்கிற விஷம் இல்ல” என்றார். “பூசணம் உண்டாக்குறது. தானியம், காப்பிக்கொட்டை, உலர்ந்த சாமான், எதுல ஈரம் பட்டாலும் வரலாம். உங்க ரத்தத்துல, என் ரத்தத்துலகூடக் கொஞ்சம் இருக்கும். ஜூன் மாசத் தொடக்கத்துல அந்த வீட்ல எல்லாருக்கும் எடுத்தோம். மத்த மூணு பேருக்கும் சாதாரண அளவு. அவருக்குப் பத்து மடங்கு.”

“சட்டி ஒண்ணு, ரத்தம் வேற” என்றாள் ஜாஸ்பின்.

“இதுனாலதான் அவருக்குக் கிட்னி போச்சா?” என்று கேட்டார் எட்சன்.

“அதை மட்டும் என் வாயிலிருந்து எடுக்க முடியாது. மிருகங்களுக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்னு தெரியும். மனுஷருக்குச் சந்தேகம் இருக்கு, உறுதி இல்ல. அதுக்காகத்தான் இந்த ஆய்வே. அவருக்கு இருபது வருஷமா பிரஷர், சர்க்கரை வேற. ஆனா இவ்வளவு இருக்கிறது நல்லதுக்கு இல்ல. எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தணும். வீட்ல தனியா என்ன சாப்பிடுறீங்கன்னு மூணு தடவ கேட்டேன். மூணு தடவையும் நோன்பு பத்திப் பேசினார். மூணாவது தடவ ஒரு மணி நேரம்.”

“அதுக்குப் பின்ன எப்பம் டெஸ்ட் எடுத்தீங்க?” என்றார் எட்சன்.

“ஆகஸ்ட் பதினாறு. முப்பது மடங்கு. நாங்களே பயந்துட்டோம்.”

ஜாஸ்பின் நிமிர்ந்தாள். “ஒரு தடவ உள்ள போனா இது எவ்வளவு நாள் நிக்கும்?”

“சீக்கிரம் போகாது. பாதியாக் குறையவே ஒரு மாசத்துக்கு மேல ஆகும்.”

ஜாஸ்பின் வெளியே வந்து ரெஜிஷாவுக்குப் போன் போட்டாள். அரை நிமிடப் பேச்சு. திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு வெளிச்சம்.

“சாரே, ரெஜிஷாக்க அம்மா மணவாளக்குறிச்சியில படியில விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டாவ. ஜூன் பத்துக்குப் பிள்ளையையும் கூட்டிட்டுப் போனவ ஆகஸ்ட் இருபதுக்குத்தான் திரும்பியிருக்கா. ரெண்டு மாசம் இவ இந்தப் பக்கமே இல்ல. அவ வச்ச விஷம்ணா பாதிக்கும் கீழ வந்திருக்கணும். மூணு மடங்கு ஏறியிருக்கு.”

“நல்ல துப்பு” என்றார் எட்சன். “ஆனா அவருக்குப் போதாது. கூரியர்ல அனுப்பினாண்ணு சொல்லுவாரு. கையில பிடிச்சுக் காட்டுகதுக்கு ஒரு பொருள் வேணும்.”

மணி மூன்றரை.

*

திரும்பும் வழியில் மழை வலுத்தது. எட்சன் வழக்கமாக யோசனை வந்தால் செய்வதைச் செய்தார்: பெட்டிக்குள் கைவிட்டார்.

“பூசணம். அவரு மட்டும் தின்னுகது. அவரு சொல்லாதது. எங்கயோ நம்ம கண்ணு முன்னாலதான் இருக்கு ஜாஸ்பினே.”

“கண்ணுக்கு முன்னால இல்ல, அதுக்குக் கொஞ்சம் கீழ இருக்கு. சாரே, வண்டியை நிறுத்துங்க.”

“என்னத்துக்கு?”

“நிறுத்துங்க சொல்லுகேன்.”

நிறுத்தினார். ஜாஸ்பின் அவர் கையிலிருந்த அத்திப்பழத்தை இரண்டு விரலால் வாங்கி, கார் விளக்கைப் போட்டு, அதன் கீழே பிடித்தாள்.

“இது என்ன சாரே?”

“சீனி.”

“சீனி பச்சையா இருக்குமா?”

எட்சன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். மேலே வெள்ளை. மடிப்புக்குள் வெளிர்பச்சை. வெல்வெட் மாதிரி மெத்தென்று. இருபத்தாறு வருடத்தில் எத்தனை கடைகளில் எத்தனை மூட்டைகளில் இதைப் பார்த்து, எத்தனை பேருக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்! அவர் வாய் அசையாமல் நின்றது. உள்ளே இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று அதற்கும் தெரியவில்லை.

ஜாஸ்பின் பெட்டியைக் கவிழ்த்தாள். அடியில் ஒட்டியிருந்த ஓர் அட்டை உரிந்து விழுந்தது. ‘திரு. யேசுதாசன் அவர்களுக்கு அன்புடன். நண்பர்கள் நற்பணிக் கழகம். 09.01.2022.’

“ரெண்டரை வருஷம்” என்றாள். “வரிசையா அடுக்கி வச்சவரு நடுவில இருந்து இதை மட்டும் எதுக்கு உருவினாருண்ணு அப்பமே நெனச்சேன். பாருங்க, ‘திரு’ண்ணு போட்டிருக்கான். ‘டாக்டர்’ இல்ல. மனசுக்குப் பிடிக்காத பெட்டி. அதை உங்க தலையில கட்டினாரு.”

கௌரவத்தின் இனிப்பு முழுவதும் எட்சனின் நாக்கைவிட்டு இறங்கியது. அடுத்து மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. மேல் இரண்டு தட்டு. சீட்டு இருக்கிறது, பெட்டி இல்லை. பெட்டி கொடுக்கும் படமும் இல்லை. மழைக்காலத்தில் வியர்த்த கண்ணாடி. ஜூனைவிட ஆகஸ்டில் கூடிய எண். கருவாட்டுப் புகையில் சுளிக்காத முகம். விடியற்காலை ஐந்து மணி.

“ஜாஸ்பினே” என்றார் மெதுவாக. “அந்நிய பாஷை.”

“நானும் அதைத்தான் நெனச்சேன். வண்டியை எடுங்க. போற வழியில துப்பிக்கிடலாம்.”

*

ஐந்து மணிக்கு ஹாலில் எல்லோரும் இருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் பெனிஷ் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். பழைய தலைமையாசிரியர் முன்னால் உட்கார அவருக்கு இன்னும் கால் மடங்கவில்லை. மேசைமேல் ஒரு நினைவுக் கேடயத்தில் சாய்த்து வைத்த போனில் ஜிபினின் முகம். குளோரி நாற்காலி நுனியில். ரெஜிஷா கதவோரம். உள்ளறையில் பள்ளிப் பையை இறக்கும் சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யேசுதாசன் புகார்த் தாளை விரித்து, பேனா மூடியைக் கழற்றினார். “நிரூபணம்?”

“ஒரு நிமிஷம்” என்றார் எட்சன். “அதுக்கு முன்னால ஜாஸ்பின் ஒரு சின்ன மரியாதை செய்ய ஆசைப்படுகா.”

மரியாதை என்ற சொல்லுக்கு யேசுதாசனின் தலை தானாக நிமிர்ந்தது. ஜாஸ்பின் ஒரு கைக்குட்டைப் பொதியை அவர் மூக்கருகில் நீட்டினாள்.

“உங்களுக்குண்ணு கொண்டுவந்தது. என்ன வாசனைண்ணு கண்ணை மூடிச் சொல்லுங்க சாரே.”

யேசுதாசன் கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தார். “ஆகா. சந்தனம்.”

சப்-இன்ஸ்பெக்டர் ஓரடி பின்வாங்கினார். ஜாஸ்பின் பொதியைப் பிரித்தாள். காலையில் கரிந்த நெத்தோலி நாலு கிடந்தது.

“கொரோனா வந்து மூணு வருஷம் ஆச்சு, மணம் போனது திரும்பல்ல. இல்லியா சாரே?” என்றார் எட்சன். “வெளியில சொல்லவும் இல்ல. செம்மலுக்கு ஒரு குறை இருக்கலாமா? செரி. இப்பம் அலமாரியைத் திறங்க.”

“அது என் கௌரவம். யாரும் தொடக்கூடாது.”

“அப்பா, திறங்க” என்றது போன்.

சாவி திரும்பியது. கண்ணாடி நகர்ந்ததும் உள்ளேயிருந்து ஒரு காற்று வந்தது. குளோரி முந்தானையை மூக்கில் வைத்தாள். எட்சனின் அடைத்த மூக்குக்குள்கூட ஏதோ ஒன்று கதவைத் தட்டியது. எட்சன் கையில் கிடைத்த பெட்டிகளைத் திறந்து வரிசையாக மேசையில் வைத்தார். இலக்கியச் சோலை பச்சை. கல்வி அறக்கட்டளை சாம்பல். முதியோர் நலச் சங்கம் கருப்பு. ஒவ்வொன்றும் அததன் நிறத்தில் பூத்திருந்தது.

“டாக்டரம்மா சொன்ன பூசணம் இதுதான். உங்க வயித்துக்குள்ள போகுகது இந்தப் பெட்டிகள்தான். மேல ரெண்டு தட்டையும் ஆதரவற்ற இல்லம் தின்னல்ல. நீங்கதான் தின்னீங்க. பழையது முதல்ல, புதுசு பின்ன. ரேஷன் கடையில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது. மழைக்காலத்தில பூசணம் கூடிச்சு. ஆகஸ்ட் பதினாறில ரத்தத்தில முப்பது மடங்கு. அந்நேரம் ரெஜிஷா இந்த வீட்டிலயே இல்ல, மணவாளக்குறிச்சியில அம்மைக்குக் கால் பிடிச்சுக்கிட்டு இருந்தா.”

“பொய்!” யேசுதாசனின் குரல் மேடைக்கு ஏறியது. “நாற்பது ஆண்டுகளாகக் காலை பத்து மணிவரை ஒரு பருக்கைகூட...”

ஜாஸ்பின் ஜெப அறைக்குள் போய்விட்டு வந்தாள். கையில் ஒரு சின்ன மிக்சி. வேதப்புத்தகம் வைக்கும் மேசைக்கு அடியில், போர்வைக்குள் இருந்தது. அதன் நெற்றியில் ஒட்டியிருந்த தகட்டில் ‘நோன்புச் செம்மல் பட்டம் வழங்கிய நாளில்’ என்று பொறித்திருந்தது. ஜாரின் ஓரத்தில் பழுப்பாகப் பொடி.

அவள் பிளக்கைச் செருகி, ஒரு தடவை திருகினாள்.

கொர்ர்ர்ர்.

குளோரி நாற்காலியிலிருந்து எழுந்தாள். “இது... இதுதான்! அப்பம், அந்நிய பாஷை?”

“ஐந்நூறு வாட்ஸ் மாமி” என்றாள் ஜாஸ்பின்.

“மூணு வருஷம்! வெளிய முட்டு தேய ஆமென் சொன்னேனே!”

யேசுதாசன் அலமாரியைப் பார்த்தார். மிக்சியைப் பார்த்தார். மேடைத் தமிழ் அவரைவிட்டு எப்போது இறங்கிப் போனது என்று அவருக்கே தெரியவில்லை. “ஞாபகசக்திக்கு நல்லதுண்ணு ஒருத்தன் சொன்னான்... பாலில கலக்கிக் குடிச்சேன்... ஓரோ பெட்டியும் ஓரோ ஊரு எனக்குச் செய்த மரியாதை. அதை எப்படித் தூர எறியுகது?” சட்டென்று நிமிர்ந்தார். “பெனிஷ், இதில சதி இருக்கு. பெட்டி தந்த முப்பத்தேழு சங்கத்துக்க மேலயும் கேஸ் எழுதணும்!”

பெனிஷ் தொப்பியை மேசைமேல் வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலைமையாசிரியர் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சாரே, புகாரை எழுதினா முழுசா எழுதணும். எத்தன மணிக்குக் குடிச்சீங்கண்ணு மொதல் வரி வரும். கோர்ட்டில சத்தமா வாசிப்பாங்க. எழுதட்டுமா?”

யேசுதாசன் பேனாவை மூடினார்.

எட்சன் ஓரமாகப் போய் டாக்டர் அஃப்னாவுக்குப் போன் போட்டார். ஒருவர் தெரியாமல் ஒன்பது அத்திப்பழம் தின்றுவிட்டால் என்ன ஆகும் என்று, தெரிந்த ஒருவருக்காகக் கேட்டார். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது, ஆனால் அந்தத் தெரிந்தவர் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்று பதில் வந்தது. ஜாஸ்பின் பக்கத்தில் நின்று அவர் சட்டைக்கையை மடிக்க ஆரம்பித்திருந்தாள்.

“ரெஜி” என்றது போன். ஜிபினின் குரல் இறங்கியிருந்தது. “நான் அப்பா சொன்னதை நம்பியிருக்கக்கூடாது.”

“அதைப் பின்ன பேசலாம்” என்றாள் ரெஜிஷா. கதவோரத்தை விட்டு மேசைக்கு வந்தாள். புகார்த் தாளை எடுத்து, பின்பக்கம் திருப்பி, மாமனார் முன்னால் வைத்தாள்.

“எழுதுங்க மாமா. ரெஜிஷா எனக்கு விஷம் வைக்கல்ல. அவளும் அவளுக்க மோளும் இந்த வீட்டில இருப்பாவ. இவ்வளவுதான்.”

“சொன்னால் போதாதா? எல்லோரும் கேட்டுக்கொண்டுதானே...”

“நீங்க பேசினா ஊரே கேக்கும். எனக்கு எழுத்தில வேணும்.”

அவர் எழுதினார். இரண்டு வரி. கீழே கையெழுத்துக்குப் பேனா போனபோது, பழக்கத்தில் ‘டா’ போட ஆரம்பித்தது.

“அது வேண்டாம்” என்றாள் ரெஜிஷா. “பேரு மட்டும்.”

அவர் அந்த ‘டா’வை அடித்தார். கடைசியில் ‘யேசுதாசன்’ என்று மட்டும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஸ்லேட்டில் எழுதுவதுபோல, எழுதினார். எழுதிவிட்டு அந்தப் பெயரை யாருடையதோ என்று பார்த்தார்.

குளோரி ஒரு சாக்கை எடுத்துவந்து, தட்டுத் தட்டாகப் பெட்டிகளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பெட்டி விழும்போதும் “ஆமென்” என்றாள்.

ரெஜிஷா தாளைக் கையில் எடுத்து ஒருமுறை வாசித்தாள். காலியான அலமாரியின் நடுத் தட்டில் அதை நிறுத்தி வைக்கப் போனவள், திரும்பி வந்து மறுபடி அவர் முன்னால் வைத்தாள்.

“எல்லாத்துக்கும் தேதி போட்டு வைப்பீங்கல்லா மாமா. இதுக்கும் போடுங்க.”

போட்டார். அவள் தாளை உள்ளே வைத்து, கண்ணாடியை நகர்த்தி, பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, மகளுக்குச் சாயா போட உள்ளே போனாள்.